ஒன்பதாம் நம்பர் மடிப்பு

மாவில் விழுந்த முதல் சொட்டை வெர்னா கவனிக்கவில்லை. ஆரஞ்சுத் தோலும் சோம்பும் போட்டுப் பிசைந்த ரொட்டிக்கான கருப்பு ரை தானிய மாவு. அதில் எது விழுந்தாலும் தெரியாது. இரண்டாவது சொட்டு அவள் புறங்கையில் விழுந்தது. பச்சையும் பொன்னும் கலந்த நிறம். முகர்ந்து பார்க்கத் தேவையே இல்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் மூக்கில் ஏறி உட்கார்ந்திருந்த வாசனை அது. நிமிர்ந்து பார்த்தாள். அடுப்பங்கரை உத்தரத்துக்குப் பக்கத்தில் தட்டகலத்துக்குப் பழுப்பாய் ஒரு வட்டம். அதன் நடுவில் மூன்றாவது சொட்டு திரண்டுகொண்டிருந்தது.

“ஆர்லோ!”

ஆர்லோ கொல்லையில் இருந்தான். இரவெல்லாம் உறைந்து பகலெல்லாம் உருகும் மார்ச் மாதம். மேப்பிள் மரங்களில் பால் இறங்குகிற நாட்கள். அடுப்பின்மேல் அகலமான தகரத் தட்டில் அது பாகாகக் காய்ந்துகொண்டிருந்தது. அடுப்பை விட்டுவிட்டுச் சேற்றுப் பூட்ஸோடு வந்து நின்றான்.

“என்ன, வீடு இடிஞ்சு போச்சா?”

“இன்னும் இடியல. அண்ணாந்து பாரு.”

பார்த்தான். தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான். பதில் இல்லாதபோது அவன் செய்கிற காரியம் அது.

“கூரையில பனி உருகி இறங்கியிருக்கும்.”

“பனி உருகினா தண்ணி வரும் ஆர்லோ. என்ஜின் ஆயிலா வரும்?”

மாடியில் இருந்த அறை ஆர்லோவின் அறை. அதில் தரையிலிருந்து கூரைவரை அலமாரித் தட்டுகள். தட்டுகள் நிறைய ஹெரான் ஆயில் டின்கள். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒற்றைக் காலில் நிற்கும் நீல நாரை, மஞ்சள் பின்னணி. எல்லாம் லார்க்கின் பள்ளத்தாக்கில் எடுத்த எண்ணெய், எங்கள் ஊர் ஆலையிலேயே சுத்திகரித்து, எங்கள் ஊர் ஆட்களே நிரப்பி மூடியவை. ஆலை மூடிப் பல காலம் ஆகிவிட்டது. பென்சில்வேனியாவின் இந்த மூலையில் யார் வீட்டுப் பரணில் ஹெரான் டின் கிடைத்தாலும் அது கடைசியில் ஆர்லோவிடம்தான் வந்து சேரும். ஒரு நிபந்தனை: நிறைந்திருக்க வேண்டும். திறந்த டின்னை அவன் கையால் தொடமாட்டான்.

கணவனுக்கும் மனைவிக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. என்றைக்கோ நடந்த பெரிய சண்டையில் பிறந்தது. அவன் சமையலறைக்குள் தலையிடக்கூடாது. அவள் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. முட்டிவலி வந்த பிறகு மாடிப்படி ஏறாமலிருப்பது அவளுக்கும் வசதியாகத்தான் இருந்தது.

“உன் ரூமு என் மாவுக்குள்ள இறங்கி வந்திருச்சு. இனி ஒப்பந்தமாவது ஒன்னாவது” என்றாள்.

அந்த நேரம் பார்த்து மிலோ வந்து சேர்ந்தான். வெர்னாவின் தம்பி, ஊர்த் தீயணைப்புப் படைக்குத் தலைவன். தினமும் காலைக் காப்பிக்கு அக்கா வீடுதான். அவனும் டின் சேர்ப்பவன்தான். ஆனால் எதிர்க்கட்சி. எங்கள் ஊர் டின் சங்கத்தில் இரண்டே கட்சிகள்: நிறைந்த டின், வெறும் டின். தேவாலயம் பிரிந்தபோதுகூட ஊர் இவ்வளவு பிரியவில்லை.

மிலோ அண்ணாந்து பார்த்தான். முகம் மலர்ந்தது.

“நான் சொன்னேனா இல்லையா?”

“தொடங்கிட்டான்” என்றான் ஆர்லோ.

“ஆயில் சும்மா இருக்காது மச்சான். வெயிலுக்கு உப்பும், குளிருக்குச் சுருங்கும். தகரம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? அந்த ரூமுல எவ்வளவு பாரம் இருக்குன்னு தெரியுமா? ரெண்டு எருமை மாட்டை மாடியில கட்டி வெச்ச மாதிரி. உத்தரம் வளைஞ்சிருக்கு பாரு. நாளைக்குத் தீப்பிடிச்சா என் பசங்கள இந்த வீட்டுக்குள்ள அனுப்பவே மாட்டேன்.”

“நீ வராம இருந்தாலே பாதி வீடு மிஞ்சும்.”

“டிரில்லை எடுத்துட்டு வர்றேன். அடிப்பக்கம் ரெண்டே ஓட்டை. ஒன்னு ஆயில் வர்றதுக்கு, ஒன்னு காத்துப் போறதுக்கு. வடிச்சு, கழுவி, காயவெச்சுத் தட்டுல நிறுத்திட்டா முன்னாலேருந்து பாக்கிறவனுக்கு ஒன்னும் தெரியாது. நாரை அப்படியே நாரைதான்.”

“உங்க வீட்டுச் சுவத்துல ஒரு மான் தலை மாட்டியிருக்கியே, அதுவும் முன்னாலேருந்து பாத்தா மான்தான். கண்ணு கண்ணாடி, உள்ள பஞ்சு.”

“அந்த மான் என் சாப்பாட்டு மேஜையில சொட்டலையே மச்சான்.”

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். ஆர்லோ சிரிக்கவில்லை.

“மிலோ, நீ வெச்சிருக்கிறது படம். நான் வெச்சிருக்கிறது ஆயில். பனியில, மழையில, அந்த மலைமேல பம்பை இழுக்கிற கம்பி போற வழியெல்லாம் நடந்து ஒவ்வொரு எண்ணெய்க் கிணத்தையும் நான் ஓட்டினேன். கைவிரல் விறைச்சு பல்லால கையுறையை இழுத்திருக்கேன். அந்த ஆயில் இது. இதைச் சாக்கடையில கொட்டிட்டுத் தகரத்துக்கு மாலை போடச் சொல்றியா?”

“மாலை போடச் சொல்லல. அக்கா தலையில உத்தரம் விழாம இருக்கச் சொல்றேன்.”

ஆர்லோவின் கை தலைக்குப் போனது. தொப்பி ஒருமுறை கழன்று ஏறியது. அவர்கள் இருவரும் முறைத்துக்கொண்டு நிற்கையிலேயே வெர்னா கையைத் துடைத்துக்கொண்டு படியேறத் தொடங்கினாள்.

“வெர்னா, முட்டி வலிக்கும். இரு, நானே பாக்குறேன்.”

“முட்டி என்னுது.”

“வெர்னா!”

அவன் குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அதைக் கேட்டதும் அவள் இன்னும் வேகமாக ஏறினாள்.

அறைக்குள் குளிர். நாரைகள் வரிசை வரிசையாக அவளைப் பார்த்தன. தூசி இல்லை, தட்டுகளில் வெள்ளைத் தாள் விரித்து, எல்லா டின்னும் ஒரே பக்கம் முகம் காட்டி நின்றன. இவன் இவ்வளவு ஒழுங்காக ஒரு சட்டையைக்கூட மடித்து வைத்ததில்லை.

சமையலறைக்கு நேர் மேலே, ஜன்னலோரத்தின் கீழடுக்கில்தான் கோளாறு. முன்வரிசை டின்களை விலக்கினாள். பின்வரிசையில் இருந்த ஒவ்வொரு டின்னும் ஒரு பீங்கான் தட்டில் உட்கார்ந்திருந்தது. நீலக் கரையிட்ட காப்பித் தட்டுகள். அவளுடைய கல்யாணத் தட்டுகள். ஆர்லோவின் தங்கை கொண்டுபோய்விட்டாள் என்று அவள் இத்தனை காலம் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த தட்டுகள். எல்லாவற்றிலும் ஆயில் தேங்கி நின்றது. ஒன்று மட்டும் விரிசல் விட்டிருந்தது. அதிலிருந்துதான் கீழே கசிந்திருக்கிறது.

ஒரு டின்னை எடுத்துக் கவிழ்த்தாள். அடிமூடியில் சிறிய வட்டம். வட்டத்துக்குள் ஒன்பது.

அடுத்ததை எடுத்தாள். ஒன்பது. அதற்கடுத்தது. ஒன்பது.

ஹெரான் ஆலையில் டின்களைத் தலைகீழாக நிறுத்தித்தான் நிரப்புவார்கள். நாரை தலைகீழாக வரும், ஆயில் இறங்கும், அடிமூடியை வைத்து, அதன் விளிம்பையும் டின்னின் விளிம்பையும் சேர்த்து மெஷின் இரட்டையாக மடித்து நெருக்கும். மடிப்பு மெஷின்களில் நின்றவர்கள் எல்லாரும் பெண்கள். ஆளுக்கொரு நம்பர், அது அடிமூடியில் பதியும். வெர்னாவின் நம்பர் ஒன்பது. காது அடைக்கும் சத்தத்தில், கணுக்காலை ஆயில் நனைக்க, விரலால் விளிம்பைத் தடவியே மடிப்பு சரியா இல்லையா என்று சொல்வாள். வெர்னா மூடினால் மூடினதுதான் என்பது ஊரில் ஒரு பேச்சு. ரகசியம் காக்கிற ஆளைக்கூட ‘அவன் வெர்னா மூடின டின்னு’ என்பார்கள். ஆலை போன பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை. அவள் முன்னிலையில் யாராவது அதைச் சொன்னால், காதில் விழாததுபோல் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு மடங்கு வேலை செய்வாள்.

வாசலில் ஆர்லோ நின்றான். மிலோ பின்னால் வரவில்லை. கீழே நிற்கச் சொல்லியிருப்பான்.

“எத்தனை நாளா?”

“கொஞ்ச நாளாத்தான்.”

“கொஞ்ச நாளுன்னா?”

“பச்சை டிரக்கு வாங்கினோமே, அந்த வருஷம்.”

பச்சை டிரக் துருப்பிடித்துக் கொல்லையில் கோழிக்கூடாகி, அந்தக் கோழிகளும் போய்விட்டன.

“எல்லாம் என்னுதா?”

“எல்லாம் இல்ல வெர்னா. இந்த ஒரு அடுக்கு மட்டும்தான். மத்த ஒன்பதாம் நம்பரெல்லாம் கல்லு மாதிரி நிக்குது. அதோ, அந்தச் சுவரு பூரா உன்னுதுதான்.”

“அதனாலதான் மிலோவை டிரில்லோட உள்ள விடலையா?”

“ஓட்டை விழறது உன் நம்பர் மேல. அவன் கையில அது எதுக்கு? அதுவும் போக...” அவன் தரையைப் பார்த்தான். “ஒழுகுறதை அவன் பாத்தா சங்கத்துல சொல்லுவான். சும்மா விளையாட்டுக்குத்தான் சொல்லுவான். ஆனா சொல்லுவான்.”

வெர்னா அங்கே கிடந்த பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். ஒருபக்கம் கோபம் வந்தது. தன் வேலையைப் பற்றித் தனக்கே தெரியாமல் வைத்திருந்தானே என்ற கோபம். வாரம் தவறாமல் படியேறி, தன் தட்டுகளில் தேங்கிய ஆயிலைத் துணியால் ஒற்றி எடுத்து, யாருக்கும் மூச்சு விடாமல் இறங்கிவந்து, ‘நிறைந்த டின்தான் டின்’ என்று ஊரெல்லாம் கட்சி கட்டிச் சண்டை போட்ட இந்த மனிதனை என்ன செய்வது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

“ரோலர் தேஞ்சிருக்கும்” என்றான் ஆர்லோ மெதுவாக. “அந்த வாரம் மெஷின்ல ஏதாவது கோளாறு இருந்திருக்கும். உன் கை என்ன பண்ணும்?”

“மெஷின் யாருது?”

“வெர்னா...”

“மெஷின் என்னுது. தேஞ்சா பாத்துச் சொல்ல வேண்டியவ நான். எனக்காக நீ ரோலர் மேல பழி போடாத.” கட்டைவிரலால் விளிம்பைத் தடவினாள். ஓரிடத்தில் மடிப்பு நகத்துக்கு லேசாக இடம் கொடுத்தது. “இங்கதான். முடி கனம். வருஷக்கணக்கா உள்ள போராடிப் போராடி வழி கண்டுபிடிச்சிருக்கு.” விரலில் ஒட்டிய ஆயிலைத் துடைத்தாள். “இதையெல்லாம் தலைகீழாக் கவிழ்த்து வெச்சிருந்தா ஒரு சொட்டு ஒழுகியிருக்காதே, மடையா!”

“நாரையைத் தலைகீழா நிறுத்தச் சொல்றியா?”

“என் கையில அது எப்பவும் தலைகீழாத்தானே வந்துச்சு.”

அன்று மதியமே மிலோ தீயணைப்பு நிலையத்திலிருந்து இரண்டு ஹெம்லாக் மரக் கட்டைகளைக் கொண்டுவந்து உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தான். ஆர்லோ கட்டையைப் பிடிக்க, மிலோ ஆப்பு அடித்தான். வெர்னா கத்தியோடு பக்கத்தில் நின்று முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்ததும் வெண்ணெயில் வதக்கி நூடுல்ஸோடு தட்டில் போட்டாள். சாப்பிடும்போது மிலோதான் பேச்செடுத்தான்.

“வெள்ளிக்கிழமை கண்காட்சிக்கு மச்சான் டின்னு கொண்டு வர்றாரா?”

“நான் கொண்டு வர்றேன்” என்றாள் வெர்னா.

ஆர்லோவின் முள்கரண்டி பாதியில் நின்றது.

“எதை?” என்றான் மிலோ.

“வரும்போது பாரு.”

ஈஸ்டருக்கு முந்திய நோன்பு வெள்ளிகளில் தீயணைப்பு நிலையத்தில் மீன் பொரிப்பார்கள். ஊரே சாப்பிட வரும். அந்தக் கூட்டத்தை விடக்கூடாது என்று டின் சங்கம் தன் கண்காட்சியையும் அதே நாளில் வைத்துக்கொள்ளும். வண்டிகளை வெளியே பனித்தூறலில் நிறுத்திவிட்டு, அவை நின்ற இடத்தில் மேஜைகள் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் நிறைந்த டின்காரர்கள், எதிர்ப்பக்கம் வெறும் டின்காரர்கள். நடுவில் வெளியூர் ஆட்கள். உள்ளே சமையலறையில் மீன் சட்டிகளின் இரைச்சல்.

ஆர்லோ மரப்பெட்டியை முன்மேஜையில் இறக்கிவைத்தான். வெர்னா ஒவ்வொரு டின்னாக எடுத்துத் துடைத்து, தலைகீழாக அடுக்கினாள். அடிமூடிகள் மேலே பார்த்தன. ஒன்பது, ஒன்பது, ஒன்பது.

“அக்கா, என்ன பண்ற?” மிலோ ஓடிவந்தான். “படத்தைக் காட்டாம அடியைக் காட்டிக்கிட்டு? ஊரு சிரிக்கும்.”

“நாரையை வரைஞ்சவ நான் இல்ல. இதுதான் என்னுது.”

ஓஹாயோவிலிருந்து வந்த வென்டல் என்ற பெரியவர் ஒரு டின்னைப் பதமாகக் கையில் எடுத்தார். நிமிர்த்தினார், காதருகே வைத்து லேசாக ஆட்டினார். விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு அவர் விரலில் இறங்கியது.

“அம்மா, இது ஒழுகுதே” என்றார் தாழ்ந்த குரலில், யாருக்கும் கேட்கவேண்டாம் என்பதுபோல்.

“ஒழுகுது” என்றாள் வெர்னா, எல்லாருக்கும் கேட்கும்படி. “நான்தான் மூடினேன். ஒன்பதாம் நம்பர்.”

மேஜைகளில் குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்தன. ஆர்லோ அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். தொப்பியைத் தொடவில்லை.

“வெர்னா மூடினா மூடினதுதான்னு நீங்க எல்லாரும் சொல்றீங்க. எனக்கும் கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. இந்தப் பெட்டியில இருக்கிறதெல்லாம் நான் மூடினது, எல்லாம் ஒழுகுது. எங்க வீட்டுல இன்னும் ஒரு சுவரு நிறைய இருக்கு. அதுவும் நான் மூடினது, அது ஒழுகல. ரெண்டும் என் கைதான். ஒழுகுறதை மறைச்சுட்டு ஒழுகாததுக்கு மட்டும் நான் பேரு வாங்கிக்க மாட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. மிலோ மட்டும் மெல்லச் சொன்னான்: “அப்ப ஒழுகுறதையாவது வடிச்சிரலாம்ல அக்கா? டிரில்லு வண்டியிலதான் இருக்கு.”

“வடிக்கத்தான் போறேன். டிரில்லு வேண்டாம். மூக்குக் குழாய் எங்க?”

பெட்ரோல் நிலையங்களில் அந்தக் காலத்தில் டின்னின் தலையில் குத்தி இறக்குவார்களே, அந்தக் குழாய். மிலோவின் மேஜையிலேயே அலங்காரத்துக்கு ஒன்று பளபளவென்று கிடந்தது. அதைக் கொடுக்கையில் அவன் கை தயங்கியது.

“தலையில குத்தினா டின்னு போச்சு அக்கா. முகப்புல காயம் தெரியும். எவனும் சீந்தமாட்டான்.”

“குத்துறதுக்குத்தான் அந்தப் பக்கம் செஞ்சாங்க. மடிச்சு மூடின பக்கம் மடிச்சபடியே இருக்கட்டும்.”

டின்னை நிமிர்த்தி, குழாயை வைத்து, உள்ளங்கையால் ஓங்கி ஒரு குத்து. தகரம் ‘க்ளுக்’ என்று வழிவிட்டது. யாரோ கொண்டுவந்த பெரிய ஊறுகாய் ஜாடியில் சாய்த்தாள். ஆயில் நூலாக இறங்கியது; பிறகு கயிறாக. கூடத்தின் விளக்கு வெளிச்சம் ஜாடிக்குள் புகுந்ததும் அது மழைக்கு மறுநாள் புல்வெளிபோலப் பச்சையாக மின்னியது. சாய்த்துப் பார்த்தால் தேன். நிறைந்த டின்காரர்கள் பலரும் தாங்கள் சேர்த்து வைத்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தார்கள். இத்தனை காலம் அவர்கள் டின்னைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆர்லோ ஜாடியை இரண்டு கையாலும் தூக்கினான். “பாத்தியா?” என்றான் மிலோவிடம். “பாத்தியா, இதைத்தான் சொன்னேன்.”

மிலோ ஜாடிமேல் குனிந்தான். விரலைத் தோய்த்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தான்.

“மண்டி இல்ல, பிசுக்கு இல்ல. மச்சான், ஊர்வலத்துக்குப் போற நம்ம பழைய வண்டி இந்த ஆயிலைக் குடிச்சு வளர்ந்ததுதானே? ஆயில் மாத்தி நாளாச்சு. ஊத்திப் பாக்கலாமா?”

“ஊத்து. சாக்கடையைத் தவிர எங்க வேணும்னாலும் ஊத்து.”

ஆட்கள் வெளியே ஓடினார்கள். பனித்தூறலில் நின்ற அந்தச் சிவப்பு வண்டியின் மூடியைத் திறந்தார்கள். பழைய ஆயிலை வடித்துவிட்டு, வெர்னா டின்களைக் குத்தித் தர, ஆர்லோ ஊற்றினான். மிலோ ஏறி உட்கார்ந்து முடுக்கினான். இரண்டுமுறை இருமியது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. அதன் உறுமல் கூடத்துக்குள் புகுந்து மேஜைகளிலிருந்த வெறும் டின்களையெல்லாம் கிணுகிணுக்க வைத்தது.

அந்தச் சத்தத்தில்தான் சமையலறையிலிருந்து பெண்கள் எட்டிப்பார்த்தார்கள். மீன் பொரித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் ஹெரான் ஆலையில் வேலை பார்த்தவர்கள். சங்கத்துக் கண்காட்சி எத்தனையோ முறை நடந்திருக்கிறது. ஒருத்திகூட மேஜைப்பக்கம் வந்ததில்லை. படம் பார்க்கிற வேலை ஆண்களுக்கு என்று மீனைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். கோல்டி வைசாக் முதலில் வந்தாள். கையெல்லாம் மாவு. வெர்னாவின் மேஜையில் கவிழ்ந்திருந்த டின்களைப் பார்த்தாள்.

“அடியில நம்பர் இன்னும் இருக்கா?”

“ஏன், எங்க போகும்?”

கோல்டி அடுத்த மேஜைக்குப் போனாள். யாரையும் கேட்கவில்லை. ஒரு டின்னைத் தூக்கிக் கவிழ்த்தாள், வைத்தாள். இன்னொன்றைக் கவிழ்த்தாள்.

“மாவுக் கையோட தொடாதீங்கம்மா” என்று டின்னுக்குச் சொந்தக்காரர் பதறினார்.

“சும்மா இருய்யா! நான் செஞ்சது.” பிறகு அவள் போட்ட சத்தம் வண்டியின் உறுமலையும் மீறிக் கேட்டது. “நாலு! ஏய், இங்க வாங்கடி! நாலு என்னுது!”

அவ்வளவுதான். ஏப்ரனைக் கழற்றாமலேயே எல்லாரும் மேஜைகளில் புகுந்தார்கள். நிறைந்தது, வெறுமை என்று யாரும் பார்க்கவில்லை; கட்சி வித்தியாசமில்லாமல் எல்லா நாரைகளும் தலைகீழாயின. ஒருத்தி பன்னிரண்டைத் தேடினாள். ஒருத்தி போன வருடம் இறந்துபோன தன் அக்காவின் நம்பரைக் கண்டுபிடித்து, அதை யாரிடமும் காட்டாமல் மார்போடு வைத்துக்கொண்டாள். மிலோவின் வெறும் டின் ஒன்றில் நம்பர் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. கோல்டி அந்த ஓட்டை வழியாக அவனைப் பார்த்தாள்.

“எத்தனை பேரைக் குத்தியிருக்க மிலோ?”

“தெரியாம பண்ணிட்டேன் கோல்டி” என்றான் மிலோ. தீயணைப்புப் படைத் தலைவன் அவ்வளவு சிறிய குரலில் பேசி ஊர் கேட்டதில்லை. “இனிமே தலையிலதான் குத்துவேன்.”

“நிறைஞ்சதா வெக்கிறதா, வெறுசா வெக்கிறதா, அதைச் சொல்லு முதல்ல” என்றான் ஆர்லோ, விடாமல்.

“ஒழுகாதது நிறைஞ்சே இருக்கட்டும். ஒழுகுறது வேலைக்குப் போகட்டும்” என்றாள் வெர்னா. “இதுக்குப் போய் ரெண்டு கட்சியா?”

வென்டல் கழுத்தில் தொங்கிய கேமராவைக் கையில் எடுத்தார். அவளை ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சரி என்றதும், டின்னை நிமிர்த்தி நாரை தெரியும்படி பிடிக்கச் சொன்னார்.

வெர்னா இரண்டு டின்களைத் தேர்ந்தெடுத்தாள். ஒன்று ஒழுகியது, ஒன்று, காலையில் அந்தச் சுவரிலிருந்து தானே இறக்கிக் கோட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்த ஒழுகாதது. இரண்டையும் அடிப்பக்கம் வெளியே தெரியும்படி மார்புக்கு நேராகப் பிடித்தாள். தலைமுடியைச் சரிசெய்யவில்லை. உள்ளே மீன் கருகுகிற வாசனை வந்தது, ஒருத்தியும் நகரவில்லை.

“இப்படியே எடுங்க” என்றாள்.